சீட்டுக்குள் என்ன இருக்கிறது? கொழும்புக் கார்களின் உட்பக்க வரலாறு

 

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும்தான் என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாடப் புத்தகமும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கராஜில் நிற்கும் பழைய காரின் கதவைத் திறந்து, பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயும் இந்த நாட்டின் நூறு வருட வரலாறு கிடக்கிறது. சீட்டின் துணி, அதற்குள் அடைத்த பஞ்சு, தரையின் துரு, கண்ணாடியில் தொங்கும் சின்னச் சாமான் எல்லாமே ஒவ்வொரு காலத்தின் சாட்சி. காரின் உட்பக்கத்தை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். அதை எங்கள் பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் எழுதப்போகிறோம்.

கொழும்புக்குக் கார்கள் வந்தது 20ஆம் நூற்றாண்டின் முதல் வருடங்களில். 1904இலேயே இங்கே மோட்டார்ச் சங்கம் ஆரம்பிக்கப்பட்டுவிட்டது. அந்தக் காலக் காரின் உட்பக்கம் என்பது குதிரை வண்டியின் உட்பக்கம்தான். தோல் சீட், அதற்குள் ஸ்பிரிங் சுருள், குதிரை மயிர் அல்லது பஞ்சு அடைப்பு. வண்டி செய்தவர்களும் வண்டிக்குத் தோல் தைத்தவர்களுமே பிறகு காருக்கும் தைத்தார்கள். உலகம் முழுக்க இப்படித்தான் நடந்தது. பராமரிப்பும் குதிரை லாயத்திலிருந்தே வந்தது. சேணத்துக்குப் பூசும் சவர்க்காரம், எண்ணெய், பிறகு மெல்லிய துணியால் துடைத்தல். இங்கே கைத்தொழில்காரரை "பாஸ்" என்று கூப்பிடுகிறோமே, அந்தச் சொல் ஒல்லாந்தர் விட்டுப் போனது. கொட்டாஞ்சேனைப் பக்கம் வுல்ஃபெண்டால் தேவாலயத்தைக் கட்டிய அதே ஒல்லாந்தர். தச்சு பாஸ், மேசன் பாஸ் வரிசையில் குஷன் பாஸும் வந்து சேர்ந்தார்.

பிறகு ரெக்சின் வந்தது. எங்களில் பலருக்கு அது ஒரு துணியின் பெயர். உண்மையில் அது இங்கிலாந்தில் மன்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் செய்யப்பட்ட ஒரு வியாபாரப் பெயர். துணிக்கு மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல் மாதிரி அச்சடித்தது. தோலை விட மலிவு, தண்ணீர் இறங்காது. கம்பனி போனாலும் பெயர் எங்கள் வாயில் நின்றுவிட்டது. இன்றைக்குக் குஷன் கடையில் போய் "ரெக்சின்" என்று கேட்டால் கொடுப்பது வேறு பொருள், அது பிவிசி. ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இனி சீட்டுக்குள்ளே போவோம். எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்தால் தும்பு வரும். காலி வீதியால் தெற்கே போகும்போது, அம்பலாங்கொடைக்கு அப்பால் களப்புக் கரைகளில் மட்டை ஊறப்போட்ட குழிகளைப் பார்த்திருப்பீர்கள், மணமும் தெரிந்திருக்கும். குருநாகல், சிலாபம் பக்கம் ஆலைகளில் எடுப்பது இன்னொரு வகை. அந்தத் தும்பை இரண்டாகப் பிரிப்பார்கள். நீளமான முரட்டு நார் தூரிகைக்கும் பிரஷுக்கும். குட்டையான மெல்லிய நார் மெத்தைக்கும் சீட்டுக்கும். இரண்டும் கொழும்புத் துறைமுகத்தால் ஐரோப்பாவுக்குப் போயின. அங்கே தும்பைச் சுருட்டி, இறப்பர்ப் பால் தெளித்து, சூட்டில் இறுக்கி சீட்டுப் பட்டை செய்தார்கள். ஜேர்மனியின் ஃபொக்ஸ்வாகன் பீட்டில் காருக்குள் இருந்தது இந்த வகைப் பட்டைதான். பழைய பீட்டிலின் கதவைத் திறந்தவுடன் ஒரு தனி மணம் வரும் என்று கார்ப் பைத்தியங்கள் சொல்வார்கள். அந்த மணத்தில் பாதி தென்னந்தோட்டம்.

மீதி இறப்பர். அதற்கும் எங்களோடு கதை இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த நாற்றுகளில் கிட்டத்தட்ட 1900 அதே வருடம் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் இறப்பர்த் தோட்டத் தொழில் அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பரவியது. 1929இல் டன்லொப் கம்பனியில் மர்ஃபி என்ற விஞ்ஞானி இறப்பர்ப் பாலை முட்டை அடிப்பது போல் அடித்து நுரையாக்கினார். மனைவியின் சமையல் அறை இயந்திரத்தில்தான் முதலில் செய்து பார்த்தார் என்று சொல்வார்கள். அந்த நுரைதான் பிறகு கார் சீட்டுக்கும் பஸ் சீட்டுக்கும் மெத்தைக்கும் போனது.

யோசித்துப் பாருங்கள். தும்பு எங்களுடையது, பால் எங்களுடையது. உழைத்தவர்கள் மட்டைக் குழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பெண்களும், விடியற்காலையில் மரம் சீவிய தோட்டத் தொழிலாளிகளும். இறாத்தல் கணக்கில் போனது காராகத் திரும்பி வந்தபோது, அதை வாங்கக் கொழும்பில் சில குடும்பங்களுக்குத்தான் வசதி இருந்தது. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தம் வருடத்துக்கு 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவதற்கானது. அந்தப் பாடத்தை மாணவர்கள் தேதியோடு மனனம் செய்கிறார்கள். அந்த இறப்பர் எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் "ரயர்" என்பார்கள், அதோடு நின்றுவிடுவார்கள்.

கொழும்பின் கார் என்றால் மொரிஸ் மைனர். 1948இல் வந்தது, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது, மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். பத்து இலட்சமாவது காரின் நினைவாக ஊதா நிறமும் வெள்ளைத் தோல் சீட்டும் வைத்து 350 கார் விட்டார்கள். வெள்ளைத் தோல்! கொழும்பு வெயிலிலும் வியர்வையிலும் அது எத்தனை நாள் வெள்ளையாக இருந்திருக்கும் என்று எங்களுக்குச் சிரிப்பு. இங்கே மைனர் வைத்திருந்தவர்கள் டொக்டர், பிரக்டர், பாடசாலை அதிபர். பிறகு அதே கார்கள் மஞ்சள் கூரை டாக்சியாகி ஓடின. 1990களிலும் அந்தக் காரின் உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்து, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் கார்கள் அவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல, வேறு வழி இல்லாததும்தான். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, கார் இறக்குமதி சுருங்கியது. 1970 முதல் 1977 வரை இன்னும் இறுகியது. புதுக் கார் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, ரெக்சினும் தட்டுப்பாடு. அந்தப் பதினைந்து வருடத்தில்தான் கொழும்பில் குஷன் பாஸ்மாரின் பொற்காலம். பஞ்சிகாவத்தை, மருதானை, கொட்டாஞ்சேனைச் சந்துகளில் ஒரு தையல் மெஷின், ஒரு ஊசி, ஒரு சுத்தியலோடு வேலை நடந்தது. கிழிந்த சீட்டைக் கழற்றி, உடைந்த ஸ்பிரிங்கைக் கயிற்றால் கட்டி, குதிரை மயிர் போன இடத்தில் தும்பு அடைத்து, மேலே சாக்குத் துணி விரித்து, அதற்கு மேல் கிடைத்த ரெக்சினைத் தைப்பார்கள். ஜேர்மன்காரன் தொழிற்சாலையில் செய்ததைக் கொட்டாஞ்சேனையில் கையால் செய்தார்கள். அந்த வேலையில் முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தார்கள். நானா, அண்ணன், அய்யா என்று மூன்று விதமாகவும் ஒரே கடையில் கூப்பிட்ட காலம்.

சுத்தம் செய்யும் முறையும் அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான். சன்லைட் சவர்க்காரம், ஒரு வாளித் தண்ணீர், பழைய சாரம். லீவர் கம்பனி 1938இல் கிராண்ட்பாஸில் ஆரம்பித்தது, கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகும் தூரம். தேங்காயெண்ணெயில் செய்த சவர்க்காரம் ரெக்சினுக்குப் பரவாயில்லை, தோலுக்குக் கூடாது. தோல் கொஞ்சம் அமிலத் தன்மையுள்ளது, சலவைச் சவர்க்காரம் காரம். அடிக்கடி போட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய் வெடிக்கும். பழைய டிரைவர்கள் இதை வேதியியல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. "தோல் சீட்டுக்குச் சவர்க்காரம் காட்டாதே, ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவிடு" என்று பழக்கத்தில் சொன்னார்கள். டாஷ்போட் மினுங்கத் தேங்காயெண்ணெய் பூசுவார்கள், அது மட்டும் தவறு. ஒரு நாள் மினுங்கும், அடுத்த நாள் காலி வீதித் தூசு முழுக்க அதில் ஒட்டும்.

வெள்ளவத்தைக்காரர்களுக்கு இன்னொரு எதிரி, கடல். காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை எதுவும் கடலில்தான் முடிகிறது. உப்புக் காற்று ஜன்னலால் வந்து கார்ப்பெட்டில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கார்ப்பெட் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். அதனால் எங்கள் பக்கத்துக் கார்கள் வெளியிலிருந்து துருப்பிடிப்பதை விட உள்ளேயிருந்து கூடத் துருப்பிடிக்கும். பெரியவர்கள் கால் மிதிக்கு அடியில் பழைய பத்திரிகை விரித்தது அழுக்குக்காக மட்டுமல்ல, ஈரத்தை உறிஞ்சவும்தான். வாரம் ஒரு முறை பத்திரிகை மாற வேண்டும். வெள்ளிக்கிழமைக் காலையில் நான்கு கதவையும் திறந்து, கார்ப்பெட்டை எடுத்து மதிலில் போடுவது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. இன்றைக்கும் மரீன் டிரைவ் பக்கம் கார் நிறுத்துபவர்கள் இதைச் செய்தால் நல்லது. வாசனைத் திரவம் தொங்கவிடுவதால் ஈரம் போகாது.

1983 ஜூலையைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தாண்ட முடியாது. 25ஆம் திகதி வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது கார்களும் எரிந்தன. வாகனங்களை நிறுத்தி உள்ளே யார் என்று பார்த்தார்கள், நின்ற வாகனங்களிலிருந்தே பெற்றோல் எடுத்து எரித்தார்கள். கண்ணாடியில் தொங்கிய சின்னச் சாமிப் படத்தைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் ஒளித்தவர்களின் கதைகள் எங்கள் ஒழுங்கைகளில் இன்னும் உண்டு. எரிந்த காரில் தோலும் ரெக்சினும் தும்பும் எல்லாம் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது சீட்டின் இரும்புச் சுருள்கள்தான். அந்த நாட்களின் படங்களில் அதைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு பல குடும்பங்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போயின. அவர்கள் விற்றுவிட்டுப் போன கார்களும் வேறு கைகளுக்குப் போயின.

போர்க் காலத்தில் சோதனைச் சாவடி. 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு கொழும்பில் கார் ஓட்டுவது என்றால் காருக்குள்ளே என்ன இருக்கிறது என்று பதில் சொல்லத் தயாராக இருப்பது. பின் சீட்டைத் தூக்கு, டிக்கியைத் திற, டாஷ்போட்டைத் திற. அந்தக் காலத்தில் தமிழ் பேசும் வீடுகளில் காரை வெறுமையாக வைத்திருக்கப் பழகினார்கள். ஒரு பை, ஒரு பார்சல், ஒரு பழைய ரேடியோ எதுவும் இருக்கக் கூடாது. சுத்தம் என்பது அப்போது அழகுக்காக இல்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்த அனுபவம் எங்களுக்கும் வந்தது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் கொட்டாஞ்சேனையின் வாசல் மாதிரி. எல்லா மதத்தவரும் போகும் இடம். அங்கே இறந்தவர்கள் எங்கள் அயலவர்கள், எங்கள் மாணவர்களின் உறவினர்கள். அந்தத் துக்கத்தோடு சேர்ந்து சந்தேகமும் வந்தது. வீதியோரம் கார் நிறுத்துபவர்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கண்ணாடியில் வைக்கும்படி பொலிஸ் கேட்டது நினைவிருக்கும். பலர் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிரயாண துஆ ஸ்டிக்கரை உரித்தார்கள். அந்தப் பசைத் தடத்தை எடுக்க மண்ணெண்ணெய் தேய்த்த நாட்கள் அவை. 83இல் சாமிப் படத்தை ஒளித்த அயலவரின் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எங்களில் பலருக்கு அப்போதுதான் விளங்கியது.

திரும்பவும் சீட்டுக்கு வருவோம். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது. ஜப்பானிலிருந்து பழைய கார்கள் வந்து குவிந்தன. பிறகு இந்தியாவிலிருந்து மாருதி. சீட் இப்போது துணி, அடைப்பு பெற்றோலியத்தில் இருந்து செய்யும் நுரை. தும்பு போய்விட்டது, இறப்பர்ப் பாலும் போய்விட்டது. குஷன் பாஸுக்கு இனி புதிதாகச் செய்ய ஒன்றும் இல்லை, உறை தைப்பது மட்டும்தான் வேலை. எங்கள் மக்கள் கம்பனி போட்டு அனுப்பிய பொலித்தீன் உறையைக் கழற்றாமலே ஐந்து வருடம் ஓட்டினார்கள். சீட் பழுதாகாது என்று நினைப்பு. பொலித்தீனுக்குக் கீழே வியர்வையும் மழைத் தண்ணீரும் மாட்டி, நுரையில் பூஞ்சணம் பிடித்ததுதான் மிச்சம். புதுக் காரின் மணத்தையும் ஒரு பெருமையாகப் பேசுகிறோம். அது பிளாஸ்டிக்கும் பசையும் விடும் ஆவி. வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் ஏசி போடாமல், முதலில் ஜன்னலைத் திறந்து இரண்டு நிமிடம் ஓட்டுங்கள்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவை மூழ்கியது. எங்கள் இளைஞர்கள் படகோடும் சாப்பாட்டோடும் போனார்கள். தண்ணீர் வடிந்த பிறகு தெருத் தெருவாகக் கார் சீட்டுகள் வெயிலில் காய்ந்தன. அப்போது கவனித்த ஒன்று. சீட்டையும் கார்ப்பெட்டையும் ஒன்றிரண்டு நாளுக்குள் முழுவதும் கழற்றி வெளியே எடுத்தவர்களின் கார் பிழைத்தது. மேலாகக் கழுவி வாசனை அடித்தவர்களின் கார் சில மாதத்தில் நாறியது, சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்களும் பச்சை பிடித்தன. பழைய பாஸ்மார் கழற்றிய பிறகுதான் கையே வைப்பார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை தடை. கிட்டத்தட்ட ஐந்து வருடம். 1970கள் திரும்பி வந்த மாதிரி. பழைய வாகனத்தின் விலை வீட்டு விலையாக ஏறியது, எல்லோரும் இருப்பதைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அதே காலத்தில் கொரோனா. சனிடைசரால் ஸ்டியரிங்கைத் துடைத்துத் துடைத்து அதன் மேல் பூச்சு உரிந்து கையில் வந்தது. அற்ககோல் தோலையும் பிளாஸ்டிக்கின் மேற்பூச்சையும் காயவைக்கும், அப்போது யாருக்கும் அதைப் பற்றி யோசிக்க மனம் இல்லை. 2022இல் எரிபொருள் வரிசை. இரண்டு நாள், மூன்று நாள் காருக்குள்ளேயே தூங்கியவர்கள், சாப்பிட்டவர்கள், தொழுதவர்கள். வரிசையில் நின்றே உயிர் போனவர்களும் உண்டு. பிறகு கியூஆர் அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று ஆரம்பித்தது. அந்த வருடம் சுத்தம் செய்ய வந்த கார்களில் சோற்றுப் பருக்கையும் பால்மாவும் குழந்தைகளின் சப்பாத்தும் கிடந்ததாகக் கழுவும் இடத்துத் தம்பிமார் சொன்னார்கள்.

அந்தத் தம்பிமாரைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது இந்த வேலைக்கு "டீடெய்லிங்" என்று பெரிய பெயர், கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே வேலை செய்பவர் அதே எங்கள் பிள்ளை, பல நேரம் கையுறையும் முகமூடியும் இல்லாமல். சீட் உறை ஒட்டும் பசையில் இருக்கும் டொலுயீன் ஆவி மூளைக்கும் நரம்புக்கும் கேடு. மூடிய அறையில் நாள் முழுக்க அதைச் சுவாசிக்கிறார்கள். காரைக் கொடுக்கும்போது கதவைத் திறந்துவைத்து வேலை செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கூடப் போகும், பரவாயில்லை.

இப்போது ஓடும் பிரியஸ், அக்குவா மாதிரி ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று. பின் சீட்டின் பக்கத்திலோ அடியிலோ ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கும். பெரிய பற்றரி அதனால்தான் மூச்சு விடுகிறது, காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துத் தன்னைக் குளிரவைக்கிறது. அதில் தூசு, பூனை முடி, பொலித்தீன் அடைத்தால் பற்றரி சூடாகும், ஆயுள் குறையும். பற்றரி மாற்றும் செலவு எல்லோருக்கும் தெரியும். பின் சீட்டில் ஸ்கூல் பேக்கை அந்தத் துவாரத்தில் சாய்த்து வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெக்கியூமால் இழுத்து, வலை இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னுமொரு வேண்டுகோள். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, பஞ்சிகாவத்தைப் பக்கம் குஷன் வேலை செய்த வாப்பாமார், அப்பாமார் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களோடு இருந்து பேசி எழுதிவையுங்கள். எந்தக் கடையில் வேலை பழகினார்கள், தும்பு எங்கே வாங்கினார்கள், ஒரு மைனருக்குச் சீட் அடிக்க எத்தனை நாள் என்று கேளுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் சிலர்தான் மிச்சம். பழைய காரின் சீட்டை யாராவது கழற்றினால், உறையை எறிவதற்கு முன் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். உள்ளே இருந்தது குதிரை மயிரா, பஞ்சா, தும்பா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.